அம்மாவுக்கு மெசேஜ் போகக் கூடாது

ஜனவரி 6, திங்கள்

கடைசி செமஸ்டர். இனி வகுப்பு கிடையாது, ப்ராஜெக்ட் மட்டும்தான் என்று எல்லாரும் ஆடிக்கொண்டு வந்தார்கள். தெய்வசிகாமணி சார் செமினார் ஹாலில் உட்கார வைத்து விதிமுறைகளை வாசித்ததும் ஆட்டம் அடங்கியது.

நாலு பேர் ஒரு குழு. நூறு மார்க்கில் பத்து மார்க் வருகைக்கு. ஒரு நாள்கூட விடாமல் வந்தால் பத்து, கொஞ்சம் குறைந்தால் ஒன்பது, அப்படியே கீழே. இதில்தான் சூதே இருக்கிறது: குழுவில் யாருடைய வருகை ஆகக் குறைவோ, அதற்கான மார்க்தான் நாலு பேருக்கும். எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே ஒருவர் போனாலும் குழு மொத்தமும் வைவா வாய்மொழித் தேர்வுக்கு உட்கார முடியாது.

"ஒருத்தன் வேலை செய்வான், மூணு பேரு ஊர் சுத்துவீங்க. அந்தக் கதை இனி நடக்காது. ஒருத்தரை ஒருத்தர் இழுத்துட்டு வாங்க" என்றார் சார்.

தினமும் காலை பத்து மணிக்குள் லீடர் ஆப்பில் வருகை போட வேண்டும். வராதவர் வீட்டுக்கு உடனே மெசேஜ் போய்விடும். 'தங்கள் மகன்/மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை.'

எங்கள் குழுவுக்கு நான்தான் லீடர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மூன்று பேரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஷமீனா நன்றாக எழுதுவாள், வேலை என்றால் தலைவலி வந்துவிடும். அஸ்வத்திடம் பைக் இருக்கிறது, வேறு திறமை எதுவும் இதுவரை தெரியவில்லை. மூளை முழுக்க மௌலீஸ்வரனிடம்தான். ஆனால் அவனை நேரத்துக்கு வரவைப்பதற்குள் எனக்கு நரை விழுந்துவிடும்.

"லீடரம்மா, வணக்கமுங்க" என்று கும்பிட்டான் கழுதை.

எனக்கு இந்த செமஸ்டர் முக்கியம். ஜூலையில் பெங்களூருவில் வேலையில் சேர வேண்டும். டிகிரி தள்ளிப்போனால் ஆஃபர் செல்லாது என்று கம்பெனிக்காரன் தெளிவாகவே எழுதியிருக்கிறான். பத்துக்குப் பத்து வாங்காமல் விடமாட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

தலைப்பு முடிவாகிவிட்டது. வேக வைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருக்கும்போது மழை வந்தால் மொத்தமும் கெட்டுவிடும். முதல் துளி விழுந்ததுமே சத்தம் எழுப்பி, விவசாயியின் போனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்னக் கருவி செய்யப்போகிறோம். யோசனை மௌலியுடையது. சாரிடம் விளக்கமாகச் சொன்னது நான்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். பத்து மணி வரை மௌலியைக் காணோம். விதி என்றால் விதி, ஆப்சென்ட் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து ஆடி அசைந்து உள்ளே வருகிறான். கையில் போன், முகத்தில் அசடு வழிகிறது. போனில் அவன் அம்மா. ஸ்பீக்கரே தேவையில்லை, லேப் முழுக்கக் கேட்டது.

"காலேஜுக்குப் போகலையாம்ல? மெசேஜ் வந்துருக்குது! ஒடம்புக்கு என்ன சாமி? நான் பஸ் ஏறட்டா?"

"அம்மோவ், நான் காலேஜ்லதான் இருக்கேன். லேட்டாப் போச்சு. இந்தா, லீடரம்மாகிட்டயே கேளு."

போனை என் கையில் திணித்துவிட்டான். "வந்துட்டாருங்கம்மா, இப்பத்தான் வந்தாரு" என்றேன். "நீ நல்லாருக்கணும் அம்மிணி. அவனைக் கொஞ்சம் அரட்டி வையி" என்றார். அன்றைக்குள் என்றால் ஆப்பில் திருத்தலாம், 'வந்தார்' என்று மாற்றிவிட்டேன்; போன மெசேஜைத்தான் திரும்பப் பிடிக்க முடியாது.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறார். மகனைப் படிக்கவைத்ததைவிட அந்த மெசேஜ் வருகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை. இரண்டாம் வருடம் இவன் சளி பிடித்து ரூமில் படுத்திருந்தபோது மெசேஜ் போயிருக்கிறது. மத்தியானத்துக்குள் வயர்கூடையில் மிளகு ரசத்தோடு வந்து நின்றவர் அவர். ஒரு மாதம் அவனை 'ரசம்' என்றுதான் கூப்பிட்டோம்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்றைக்கு ஒரு தப்பு செய்தேன். பெரிய தப்பு இல்லை.

நேற்று மாலை மௌலி கேண்டீன் பக்கம் தனியாகக் கூப்பிட்டான். நாளைக்குக் கோயம்புத்தூரில் ஒரு இண்டர்வியூ, வர முடியாது என்றான். போ, ஆப்சென்ட் போடுகிறேன், ஒரு மார்க் போனால் போகட்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. கத்தினேன்.

"அதில்ல தீபா. அம்மாவுக்கு மெசேஜ் போகக் கூடாது. எனக்கு வேலை கெடச்சிருச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"மில்லுல எல்லாரும் கேக்கறாங்களாம். கேட்டுக் கேட்டு அதுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அதான் சொல்லிட்டேன். இனி நெசமாவே ஒண்ணு வாங்கிட்டா பொய் இல்லைல்ல?"

இண்டர்வியூ முடிந்து அடுத்த நாளே வந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். நாலு பெயருக்கும் நேராக 'வந்தார்' போட்டேன். மார்க்குக்காகவும்தான், மறைப்பானேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மௌலி இண்டர்வியூ. வந்ததாகப் போட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

அதே.

பிப்ரவரி 13, வியாழன்

முதல் ரிவ்யூ அமோகம்! சார் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், கருவி கத்திய கத்தலில் பக்கத்து லேப்பில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு பேருக்கும் முழு வருகை என்று சார் எங்களை மற்றக் குழுக்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். மௌலி என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினான். நான் முறைத்தேன்.

மூன்று இண்டர்வியூவிலும் அவனுக்குக் கிடைக்கவில்லை. கேட்டால் சிரிக்கிறான். என் ஹெட்போனின் அறுந்த ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறான். நான் கேட்கவே இல்லை. ஒட்டிய இடத்தில் கோணல் மாணலாக ஒரு குமிழ். புதிதே வாங்கிக்கொள்ளலாம்தான், இருக்கட்டும்.

பச்சைச் சுடிதாரை இன்று போட்டது ரிவ்யூவுக்காக.

பிப்ரவரி 24, திங்கள்

காலையிலேயே கடுப்பு. வியாழக்கிழமை இரண்டாவது ரிவ்யூ. ஷமீனா இன்னும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அதற்குள் மௌலியிடமிருந்து மெசேஜ்: 'ரெண்டு நாளா காய்ச்சல் தீபா. எந்திரிக்க முடியல. இன்னைக்கு ஆப்சென்ட்டே போட்ரு, பரவால்ல.'

பரவாயில்லையாமே! யாருக்குப் பரவாயில்லை? இதுவரை ஒரு நாள்கூட விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அவன் இண்டர்வியூவுக்குப் போன நாளுக்கெல்லாம் பொய் சொன்னது நான், இப்போது தியாகி ஆகப்போகிறவன் இவனா? வந்ததாகப் போட்டேன்.

'போட்டாச்சு. உங்கம்மாவுக்கு மெசேஜ் போகாது, நிம்மதியாத் தூங்கு. வியாழக்கிழமை மட்டும் வந்துரு' என்று அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

மௌலி: 'காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா ஒரே அசதி.' அப்பாடா. வந்ததாகப் போட்டேன். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை வந்து சேர் என்று சொல்லிவிட்டேன். அவனோடு ரூமில் இருந்த இரண்டு பேரும் இண்டர்ன்ஷிப்புக்குச் சென்னை போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் சார் கூப்பிட்டுவிட்டார்.

பிப்ரவரி 26, புதன்

மௌலியின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஊருக்குப் போய்விட்டான் போல. அம்மா வீட்டில் ரசம் குடித்துக்கொண்டு படுத்திருப்பான், நாம் இங்கே சாகிறோம். வந்ததாகப் போட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ரிவ்யூவுக்கும் அவன் வரவில்லை. வருகைக் கணக்கு நேற்றோடு முடிந்துவிட்டது, இன்று ஆப்பில் போட வேண்டியதில்லை. நாங்கள் மூன்று பேரும் எப்படியோ சமாளித்தோம். முடிந்ததும் அஸ்வத்தைப் பைக்கில் அவன் ரூமுக்கு விரட்டினேன். கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. வீட்டுக்காரரும் அஸ்வத்தும் சேர்ந்து உடைத்திருக்கிறார்கள்.

தரையில் கிடந்திருக்கிறான். மூச்சு இருக்கிறது. ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூவில் வைத்திருக்கிறார்கள். டெங்கு.

அவன் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

"காலேஜ்லதான இருக்கான்?" என்று கேட்டார்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் நல்லவர்தான், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இந்தக் காய்ச்சலில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. அந்த இரண்டு நாளில் ட்ரிப்ஸ் ஏற்றியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ரத்தம் கொடுக்கப் பசங்க வரிசையில் நிற்கிறார்கள்.

அவன் அம்மா மில் சீருடையிலேயே வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு. என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மார்ச் 1, சனி

மௌலி செத்துப்போய்விட்டான்.

மார்ச் 6, வியாழன்

செமினார் ஹாலில் இரங்கல் கூட்டம். துறைத்தலைவர் பேசினார். "கடைசி வாரம் வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடாம வந்த பையன். அவனோட வருகைப் பதிவே அதுக்குச் சாட்சி" என்றார். எல்லாரும் அழுதார்கள். அஸ்வத் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்வரிசையில் அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

நான் பாதியில் எழுந்து வெளியே ஓடினேன். வெக்கை தாங்கவில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

மௌலியின் சர்டிபிகேட்டுகளை வாங்க அவன் அம்மா வந்தார். ஆபீசில் வேலை முடிந்ததும் நேரே லேப்புக்கு வந்து, அவன் உட்காரும் ஸ்டூல் எது என்று கேட்டார். காட்டினேன். அதில் உட்காரவில்லை, கையால் தடவிப் பார்த்தார்.

"அந்தத் திங்கக்கெழம வந்தானே, எப்படி இருந்தான் அம்மிணி? சோர்வா இருந்தானா?"

"இல்லைங்கம்மா. நல்லாத்தான் இருந்தாரு."

"காச்சல் அடிச்சிருக்குமே. அதோடவா வந்தான்?"

"கொஞ்சம் கண்ணு சிவந்திருந்துச்சுங்க. வேலை செஞ்சாரு. சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாரு."

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

எதற்கு இதைக் கேட்கிறார் என்று திடுக்கிட்டுப்போனேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "நீலக் கட்டம் போட்ட சட்டைங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஸ்டூலை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். அப்புறம் சொன்னார்:

"சின்னதுல இருந்தே ஒடம்பு சரியில்லைன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நான் பயந்துக்குவேனாம். பள்ளிக்கொடத்துல டீச்சர் சொல்லித்தான் தெரியும். இங்க வந்தப்புறம் காலேஜு மெசேஜு வந்தாத்தான் தெரியும். வந்தா பஸ் ஏறிருவேன். அந்த வாரம் தெனம் பத்து மணிக்குப் போனைப் பாத்தேன். வரல. செரி, எம்பையன் நல்லாருக்கான்னு நிம்மதியா இருந்தேன்."

போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 11, செவ்வாய்

'எந்திரிக்க முடியல. இன்னைக்கு ஆப்சென்ட்டே போட்ரு, பரவால்ல.'

காலையிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காலேஜுக்குப் போகவில்லை. அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 24, திங்கள்

சாரைப் போய்ப் பார்த்தேன். மௌலி வராத நாளுக்கெல்லாம் நான் வந்ததாகப் போட்டிருக்கிறேன், திருத்த வேண்டும் என்றேன். சார் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளு?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒருத்தரை ஒருத்தர் இழுத்துட்டு வாங்க என்று சொன்ன மனிதர் இவர்தான், அது அவருக்கும் நினைவு வந்திருக்கும்.

"இப்பத் திருத்தி என்னம்மா ஆகப்போகுது? செத்துப்போன பையனை நாம இப்ப ஆப்சென்ட் போடணுமா? துறைத்தலைவர் அத்தனை பேரு முன்னாடி பேசியிருக்காரு. அந்தம்மா அதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திட்டிருக்கும். அதையும் புடுங்கிக்கறதா?"

வெளியே ஷமீனா நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள். "உன் மனசாட்சிக்கு எங்க டிகிரியா கெடச்சுது?" என்றாள். அப்புறம் அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் தனியாகக் கிடந்த நாளெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம்.

பதிவு அப்படியே இருக்கிறது. பத்துக்குப் பத்து.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளை வைவா. கருவியைத் துடைத்து வைத்தேன். மழைத்துளி பட்டால் கத்துகிறது, செய்தி அனுப்புகிறது, எல்லாம் சரியாக வேலை செய்கிறது. சாலிடர் வைத்த இடங்களில் அதே கோணல் குமிழ். இனி எதிலும் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். லேட்டாக வந்த புத்தி.

ஏப்ரல் 16, புதன்

இதை எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது ரிவ்யூவோடு வருகை போடுவது நின்றிருந்தது. வைவா அன்று மட்டும் மறுபடி போட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். பத்து மணிக்குச் சற்று முன் ஆப்பைத் திறந்தேன். நாலு பெயரும் இருந்தன. யாரும் அவனை எடுக்கவில்லை. பிரதீபா, ஷமீனா, அஸ்வத், மூன்று பேருக்கும் 'வந்தார்' போட்டேன். நாலாவது பெயரில் விரல் நின்றது. வந்தார், வரவில்லை, இரண்டே கட்டங்கள். எதையாவது தொட்டால்தான் ஆப் மேலே போகும். இதற்கு மேலும் பொய்யா என்று எனக்குள் ஒரு ஆவேசம் வந்தது. 'வரவில்லை' போட்டு அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்ட திருப்திகூட வந்தது, சனியன்.

ஐந்து நிமிடத்தில் என் போன் அடித்தது. 'மௌலி அம்மா' என்று பெயரைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. லேப்புக்குப் பின்னால் ஓடினேன்.

"அம்மிணி, மெசேஜு வந்துருக்குது" என்றார். மூச்சு வாங்கியது. பின்னால் மில் இரைச்சல். "உங்க மகன் இன்னைக்கு வரலைன்னு. வந்ததும் பழக்கத்துல பையத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். மில்லு கேட்டுகிட்ட வந்தப்புறந்தான் நெனவு வந்துச்சு."

"அம்மா, அது நான்தாங்க. நான்தான் போட்டேன். இப்படிப் போகும்னு யோசிக்கலைங்க. மன்னிச்சுக்கோங்கம்மா."

"அழுவாத. செரி வுடு."

விட முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை அவன் வரவே இல்லை, செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை, மார்க்குக்காக நான்தான் வந்ததாகப் போட்டேன், அதனால்தான் உங்களுக்கு மெசேஜ் வரவில்லை என்றேன்.

"தெரியும் அம்மிணி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீலக் கட்டம் போட்ட சட்டைன்னியே. அது பொங்கலுக்கு வந்தப்ப எங்கூட்டுலயே வுட்டுட்டுப் போயிட்டான். பொத்தான் தெச்சு வெச்சிருந்தேன். நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு, அவன் வரலைன்னு."

"அப்புறம் ஏங்கம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு என்ன பண்றது? நீயும் ஒரு புள்ள. நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாதது ஒன்று என்னிடம் இருந்தது, அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. அது என்னுடையது இல்லை. "அம்மா, ஆப்சென்ட் போடச் சொல்லி அவன்தாங்க கேட்டான்" என்றேன். "இண்டர்வியூவுக்குப் போனப்பெல்லாம் உங்களுக்கு மெசேஜ் போகக் கூடாதும்பான். அன்னைக்கு மட்டும் போடச் சொன்னான். நான் போடலைங்க."

இரைச்சல் தேய்ந்தது. கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டார் போல.

"என்ன எழுதீருந்தான்? அப்படியே சொல்லு."

பார்க்காமலே சொன்னேன். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரும் கூடவே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எந்திரிக்க முடியல. ஆப்சென்ட்டே போட்ரு.

"அப்ப, என்னையக் கூப்புட்டிருக்கான்" என்றார்.

அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அஸ்வத் வந்து எங்கள் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டான். அந்தச் சத்தம் போனில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பரீட்சைக்குப் போ அம்மிணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கமாட்டேன்.

வைவா நன்றாகப் போனது என்று சார் சொன்னார். எனக்கு எதுவும் நினைவில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கருவிமேல் தண்ணீர் தெளித்தார். அது கத்தியது. யாராவது அதை நிறுத்துங்களேன் என்றார். நிறுத்தும் பொத்தான் எங்கே வைத்திருக்கிறான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பழக்கத்தில் பத்து மணிக்கு ஆப்பைத் திறந்தேன். எங்கள் குழுவை எடுத்துவிட்டிருந்தார்கள்.